நீல டப்பாவும் ஞாயிற்றுக்கிழமைக் கேக்கும்

கரையை விட்டு எத்தனை மைல் தள்ளி மிதந்தாலும் எங்கள் மனதை விட்டு ஓரடிகூடத் தள்ளிப் போகாத அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் முழங்கால்கள் இரண்டில் ஒன்றும் நலம். அவ்விடம் நீங்களும், நீங்கள் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றும் அந்தக் கப்பல் எஞ்சினும் நலமென நம்புகிறேன். உங்கள் மாமியார் தன் தங்கைக்குக் கால் ஆபரேஷன் என்று புறப்பட்டுப் போய்ப் பத்து நாளாகிறது. தங்கை மூன்றாம் நாளே எழுந்து நடக்கிறாளாம். அக்காவுக்குத்தான் அங்கிருந்து கிளம்ப இன்னும் கால் வரவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் எஞ்சின் அறையிலிருந்து பேசினால் எனக்கு "ஹலோ" மட்டும்தான் காதில் விழுகிறது, மிச்சமெல்லாம் கடகடவென்று எஞ்சினே பேசுகிறது. அதுவும் போக, இந்த விஷயத்தை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்குத் தொண்டை கம்மிவிடும். முப்பத்தெட்டு வருஷம் பால் பண்ணையில் தரப் பரிசோதகராக இருந்தவன் மாப்பிள்ளையிடம் போனில் மூக்கை உறிஞ்சினான் என்று ஆகிவிடக் கூடாது. அதனால்தான் கடிதம். உங்கள் கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் சேர்த்துவிடுவோம் என்று அங்கிருக்கும் பெண் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ரகசியமாக அனுப்பி வைத்தீர்களே, பால் இல்லாமல், முட்டை இல்லாமல், வெண்ணெய் இல்லாமல், சர்க்கரைகூட இல்லாமல் ஒரு ஆப்பிள் கேக், அந்தச் செய்முறை. அதைப் பற்றியதுதான் இது. முதல் தடவை படித்தபோது, இதில் என்னவெல்லாம் இல்லை என்ற பட்டியல்தான் நீளமாக இருக்கிறது, உள்ளே என்னதான் இருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதை என் பழைய பண்ணை நோட்டில் முத்து முத்தாக எழுதி வைத்துக்கொண்டேன். மேலே "பொருள்" என்று ஒரு வரி இருக்கும், அதில் எப்போதும் "காலைப் பால், மூன்றாம் தொட்டி" என்கிற மாதிரி எழுதுவோம். இந்தத் தடவை அந்த இடத்தில் "அவள் சாப்பிடணும்" என்று எழுதினேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் என் வாயாலேயே ஒரு தரம் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பெண்டாட்டி, அதாவது என் பாப்பா, பாலை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே மேஜையில், அவள் அம்மா டீயில் பால் ஊற்றப் போனபோது பாப்பா தம்ளர் மேல் கையை வைத்து மூடினாள். அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை, "இந்தப் பால்லதான் நீ வளர்ந்த, இந்தப் பால்லதான் நீ படிச்ச, இப்ப அது உனக்கு விஷமாப் போச்சா?" என்று கத்திவிட்டேன். அவள் "நான் விஷம்னு சொல்லலியேப்பா" என்றாள். பாதித் தட்டில் எழுந்து போய், தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அப்போது நீங்கள் கப்பலில் இருந்தீர்கள், தப்பித்தீர்கள். அதற்கப்புறமும் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வந்துகொண்டுதான் இருக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அப்பா மருந்து எடுத்தீங்களா, கண்ணாடியைத் துடைச்சீங்களா என்றெல்லாம் கேட்கிறாள். ஆனால் சாப்பிடு என்றால் "சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்பா" என்கிறாள். குடிப்பது ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர். சொந்த மகள் சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதைப் பார்க்க ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்க வாய் வந்தால்தானே! வாய் வராதவன்தான் கேக் செய்யக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஒத்திகை. ஓவனை இருநூறு டிகிரியில் முன்கூட்டியே சூடு பண்ணுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஓவன் எங்கள் வீட்டில் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் அதற்குள் உங்கள் மாமியார் குடித்தனம் வைத்திருக்கிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போட அவருக்கு மனசே வராது என்பது உங்களுக்கும் தெரியும். நெல்லிக்காய் அளவு டப்பா முதல் தலையணை அளவு டப்பா வரை லேபிளைச் சுரண்டிக் கழுவி, ஒன்றுக்குள் ஒன்று போட்டு, கோபுரம் கட்டி ஓவனுக்குள் நிறுத்தியிருக்கிறார். நல்லவேளையாக நான் முதலில் கதவைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தொரு டப்பா, ஐம்பத்திரண்டு மூடி. எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் அடுக்கினேன். அதாவது, எல்லாவற்றையும் எடுத்தேன் என்று நினைத்தேன். கம்பித் தட்டுக்கு அடியில் பதுங்கியிருந்த ஒரே ஒரு மூடி, ஓவன் சூடானதும் உருகிச் சொட்டி, சமையலறை முழுக்க ஒரு புகை எழும்பியது பாருங்கள், எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வாளித் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார். "சார், எங்க ஷார்ட் ஆச்சு?" என்றார். ஷார்ட் ஆகவில்லை, கேக் பண்ணுகிறேன் என்றேன். அவர் வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

சனிக்கிழமை இரண்டாவது ஒத்திகை. அன்றைக்குத்தான் ஓட்ஸ் பால் பிரச்சினை. ஓட்ஸை ஊற வைத்து, மிக்ஸியில் அடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வெள்ளை வெளேரென்று. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? அலமாரியைத் திறந்தேன், ஓய்வு பெற்ற அன்று பண்ணையில் நினைவாகக் கொடுத்த பால்மானியை எடுத்தேன், ஓட்ஸ் பாலில் விட்டேன். அது பாட்டுக்கு விறுவிறுவென்று உள்ளே போகிறது! இருபத்தெட்டு காட்ட வேண்டிய இடத்தில் பதினொன்று. அடப்பாவி, பாதிக்குப் பாதி தண்ணீர் என்று என் மனசு சொன்னது. சரி, மாவு கலந்திருக்கிறதா என்று பார்ப்போம் என்று மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு சொட்டு அயோடின் விட்டேன். கருநீலமாகிவிட்டது. தண்ணீர் கலப்படம், மாவுக் கலப்படம், இரண்டும் கையும் களவுமாகப் பிடிபட்டன. என் கை அடுத்து என்ன செய்யும்? முப்பத்தெட்டு வருஷமாகச் செய்ததைச் செய்தது. பாத்திரத்தோடு கவிழ்த்து சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு திரும்பியபோதுதான், அது ஓட்ஸ், அதில் மாவு இல்லாமல் வேறு என்ன இருக்கும் என்று உறைத்தது. மறுபடி ஊற வைத்து, மறுபடி அடித்து, மறுபடி வடிகட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டாவது பாத்திரத்தையும் பால்மானி பக்கம் கொண்டுபோகாமல் இருக்க நான் அலமாரியைப் பூட்டி, சாவியை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து வைக்க வேண்டியிருந்தது.

பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு அரைக்கச் சொல்லியிருந்தீர்கள். பன்னிரண்டு பழம் போட்டேன், எண்ணிப் பார்த்தால் பதினொரு கொட்டைதான் வெளியே இருந்தது. பன்னிரண்டாவது எங்கே என்று மிக்ஸியே கத்திச் சொன்னது. அப்புறம் அந்த ஆளி விதைப் பொடி. ஒரு கரண்டிப் பொடியை மூன்று கரண்டித் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிஷம் வைத்தால் முட்டை ஆகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் ஆச்சு, இருபது ஆச்சு, அது கொழகொழவென்று ஆனதே தவிர முட்டை ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் பொடி போட்டால் ஆகுமோ என்று இன்னும் நாலு கரண்டி போட்டேன். அன்று வெந்து வந்த கேக்கை எலக்ட்ரீஷியன் இரண்டு கையாலும் வாங்கி, தட்டிப் பார்த்து, "சார், தப்பா நினைக்காதீங்க, இது திங்கறதா, செவுத்துல பதிக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் நல்ல மனுஷன், ஒரு ஓரத்தை உடைத்து வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார். "முட்டை மாதிரி ஆகணும்னு இல்ல சார், முட்டை வேலையைச் செஞ்சாப் போதும்னு எழுதியிருப்பாங்க" என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. மாப்பிள்ளை, இனிமேல் இந்த மாதிரி முக்கியமான இடத்தில் இரண்டு கோடு போட்டு அனுப்புங்கள்.

நடுவில் ஒரு விஷயம், சொல்லாமல் விட்டால் பின்னால் புரியாது. இத்தனை இல்லாத பொருள்களுக்கு நடுவே என்னைத் தெம்பாக வைத்திருந்தது குளிர்பெட்டியில் இருக்கும் நீல டப்பா ஒன்றுதான். உங்கள் மாமியார் அதில் எனக்கென்று வெண்ணெய் வாங்கி வைக்கிறார். எட்டு மாதத்துக்கு முன்னால் ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது என்று டாக்டர் வெண்ணெயை நிறுத்தச் சொன்னார். நான் முடியவே முடியாது என்றேன். வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்து, ஏழு மாதத்துக்கு முன்னால் உங்கள் மாமியார் திடீரென்று, "சரி, உங்க இஷ்டம், தினம் ஒரு கரண்டி தடவிக்கோங்க" என்று இறங்கி வந்துவிட்டார். அன்று முதல் தினம் காலையில் ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறேன். என் நாக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு சொட்டுப் பாலை நாக்கில் விட்டு மாடு முதல் நாள் பச்சைப் புல் தின்றதா, காய்ந்ததா என்று சொன்னவன் நான். பண்ணை மானேஜரே எழுந்து நின்று கேட்பார். அந்த நாக்கு சொல்கிறது, இந்த நீல டப்பா வெண்ணெய் அசல், இந்த வீட்டில் கலப்படமே இல்லாத பொருள் அது ஒன்றுதான். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. "பாத்தீங்களா டாக்டர், நல்ல வெண்ணெய் ஒரு நாளும் கெடுதல் பண்ணாது" என்று அவரிடமே அரை மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு வந்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. பாப்பா பதினோரு மணிக்கு வருவாள். நான் ஐந்தரைக்கே எழுந்து குளித்து, பண்ணைக்குப் போட்டுப் போகும் வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன், ஒரு ராசிக்கு. ஆப்பிளைத் தோல் சீவி மெல்லிசாக நறுக்கினேன். வாழைப்பழம் பிசைந்தேன். ஓட்ஸ் பால், பேரீச்சை விழுது, ஆளி விதை எல்லாம் அளந்து, நோட்டில் டிக் போட்டு, கோதுமை மாவில் கலந்து, தகரத் தட்டில் ஊற்றி, மேலே ஆப்பிள் துண்டை வட்டம் வட்டமாக அடுக்கி, பட்டைப் பொடி தூவி உள்ளே வைத்தேன். மாப்பிள்ளை, அரை மணியில் ஒரு வாசனை வந்தது பாருங்கள்! எதிர்வீட்டுக் கதவு தானாகத் திறந்தது, இந்தத் தடவை வாளி இல்லை. பத்து நாற்பதுக்கு வெளியே எடுத்தேன். நடுவில் குச்சி விட்டுப் பார்த்தேன், சுத்தமாக வந்தது. வழக்கப்படி ஒரு ஓரம் வெட்டி, அந்த டப்பாக் கோபுரத்திலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அதில் போட்டு மூடி, "மாதிரி எண் 3, ஞாயிறு, காலை 10.40" என்று மூடி மேல் சீட்டு ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்தேன். பண்ணையில் எந்தச் சரக்கு வெளியே போனாலும் நாற்பத்தெட்டு மணி நேரம் ஒரு மாதிரி எங்களிடம் இருக்கும். யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் எடுத்துப் பார்க்க வேண்டாமா? மகள் வயிற்றுக்குப் போகிற பொருளுக்கு அந்த விதி இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்று நினைத்தேன்.

பாப்பா வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள். "என்னப்பா வாசனை?" என்றாள். "கேக்" என்றேன். "யார் செஞ்சது?" "நான்." "நீங்களா?" அவள் என் கோட்டைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், தரையில் இன்னும் பரப்பிக் கிடந்த டப்பாக்களைப் பார்த்தாள். "இதுல..." என்று இழுத்தாள். "பால் இல்ல, முட்டை இல்ல, வெண்ணெய் இல்ல, தேன்கூட இல்ல. ஓட்ஸ் பாலை நானே வடிகட்டினேன்" என்றேன். அவள் "கை கழுவிட்டு வரேன்பா" என்று உள்ளே போனாள். பத்து மாதமாக நான் இந்த வீட்டில் கேட்காத வார்த்தை அது, மாப்பிள்ளை. கை கழுவிட்டு வரேன்பா. தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, எனக்குக் கண் மறைக்கிறது, கேக்கை வெட்டலாம் என்று கத்தியைத் தேடுகிறேன். அப்போதுதான் பார்த்தேன். மேஜையில் நீல டப்பா திறந்து கிடக்கிறது. கத்தி முனையில் மஞ்சளாக வெண்ணெய் ஒட்டியிருக்கிறது.

தட்டில் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவச் சொல்லியிருந்தீர்கள். தினம் காலையில் ரொட்டிக்குப் போகிற கை, விடிகாலையில், தானாக நீல டப்பாவுக்குப் போயிருக்கிறது. தட்டு முழுக்க வெண்ணெயைப் பூசியிருக்கிறேன்! நோட்டில் எதிரே டிக்கும் போட்டிருக்கிறேன்!

எனக்கு ஒரு நிமிஷம் என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அவள் சாப்பிடுவாள். நான் பார்ப்பேன். இதற்காகத்தானே மூன்று நாள் முதுகு ஒடிந்தேன். மூடுவதற்கு மூடியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் மூட முடியவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் கலப்படம் என்று தெரிந்த ஒரு சொட்டைக்கூட யாருக்கும் தெரியாது என்று நான் அனுப்பியதில்லை. ஊராருக்கு அனுப்பாததை என் பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பேன்?

அவள் வந்து உட்கார்ந்தாள். நாற்காலி நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து. ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டாள். நான் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சாப்பிடாத பாப்பா. இந்தச் சாம்பிள் ஃபெயில்."

"என்னப்பா, என்ன ஆச்சு?"

"வெண்ணெய் சேர்ந்துடுச்சு. தட்டுல தடவிட்டேன். தெரிஞ்சு செய்யல, கை தானாப் போயிடுச்சு."

"எந்த வெண்ணெய்ப்பா?"

"வீட்ல வேற எது இருக்கு? அந்த நீல டப்பா வெண்ணெய்தான்."

அவள் நீல டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி டப்பாவைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. என் வாய்க்கு அப்போதுதான் வழி திறந்தது. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு பாப்பா. விஷம் கிஷம்னு நான்தான் பேசினேன், நீ பேசல. பாலை நீ வேண்டாம்னதும், நான் பண்ணின வேலையையே வேண்டாம்னுட்டதா நினைச்சுட்டேன். மனசு விட்டுப் போச்சு. மன்னிச்சுடு" என்றேன். பத்து மாதமாக வராதது, நாலு வரியில் வந்துவிட்டது.

அவள் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர். "நான் பாலைத்தானேப்பா வேண்டாம்னேன்" என்றாள். "உங்களை வேண்டாம்னு எப்பப்பா சொன்னேன்?"

அப்புறம் அவள் செய்ததுதான், மாப்பிள்ளை, நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கே காரணம். நேராக வந்து உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் "பாப்பா, வெண்ணெய்!" என்று அலறினேன். "பரவால்லப்பா, ஒண்ணும் ஆகாது. நீங்க சொன்னீங்களே, அது போதும்" என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று துண்டு. தட்டில் ஒட்டியிருந்த பொருக்கைக்கூட விரலால் வழித்துச் சாப்பிட்டாள். "ஆப்பிள் இன்னும் ரெண்டு போடலாம்பா" என்றாள், அவள் அம்மா மாதிரியே. எலக்ட்ரீஷியனுக்கும் ஒரு துண்டு எடுத்துப் போய்க் கொடுத்தாள். மூன்று மணி வரை இருந்தாள். தரையில் உட்கார்ந்து டப்பாக்களை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடுக்க நான் உதவப் போனபோது மட்டும், "நீங்க உட்காருங்கப்பா, நானே அடுக்கறேன்" என்று அவசரமாகத் தடுத்துவிட்டாள். என் முழங்காலை நினைத்துத்தான்.

இரண்டு வருஷம் உறுதியாக நின்ற பெண், அப்பன் மனசு நோகக் கூடாதென்று தன் கொள்கையை ஒரு நொடியில் விட்டுக்கொடுத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமா, துக்கமா, எதுவென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவளைக் கிண்டல் பண்ணிவிடாதீர்கள். "என்ன, வெண்ணெய் சாப்பிட்டியாமே" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்டுவிடாதீர்கள். குற்றம் முழுக்க என் கையுடையது. அந்தக் கைக்கு என்ன தண்டனை என்று நீங்களே எழுதுங்கள், கட்டுப்படுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். எஞ்சின் அறையில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் காற்று அடித்தால் தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கப்பலும் நீங்களும் குறித்த நாளில் குறையில்லாமல் கரை சேர்ந்து, நாம் நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிடும் நாள் சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு,
தப்பை ஒப்புக்கொண்ட,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தபோது மணி பத்து நாற்பது. நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்தது, மாதிரி எண் மூன்றை வெளியே எடுத்துக் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவினேன். கவிழ்த்து வைக்கும்போது அடிப்பக்கம் எழுத்து தெரிந்தது. சுற்றியிருந்த லேபிளைச் சுரண்டிய உங்கள் மாமியார் அடியைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். அச்சில் ஒரு வரி: "தாவர எண்ணெயில் தயாரித்தது. பால் பொருள் எதுவும் இல்லை." அதற்குக் கீழே அழியாத மையில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. முதல் வகுப்பிலிருந்தே பாப்பா அப்படித்தான் எழுதுவாள், டீச்சர் அடித்தும் நிமிரவில்லை. "அம்மா, வழக்கம்போல நீல டப்பாவுல மாத்திடு. வெண்ணெய்னே சொல்லு. அவர் சாப்பிடணும்."

தரையில் உட்கார்ந்து கோபுரத்தைக் கலைத்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். மொத்தம் ஏழு டப்பா. மாதம் ஒன்று. இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவள், ஏழு மாதமாக எனக்குச் சாப்பாடு அனுப்பியிருக்கிறாள்.

ஆகவே மேலே எழுதியதில் உங்கள் விலாசம் தவிர எதுவும் தரத்துக்கு நிற்காது. அவள் எந்தக் கொள்கையையும் விடவில்லை. என் கை எந்தத் தப்பும் செய்யவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கியது அழுகையில் அல்ல, அல்லது பாதிதான் அழுகை. டாக்டரும் கூட்டு. ஊரார் வயிற்றுக்குள் என்ன போகிறது என்று முப்பத்தெட்டு வருஷம் காவல் காத்தவனுக்குத் தன் வயிற்றுக்குள் போனது தெரியவில்லை. என் நாக்கைப் பற்றி எழுதிய வரிகளை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். உங்களுக்கும் இது முன்பே தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்றே பதில் எழுதுங்கள்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவுக்கும் மகளுக்கும் சொல்லிவிடாதீர்கள். டப்பாக்களை இருந்தபடியே அடுக்கிவிட்டேன். உங்கள் மாமியார் வந்ததும், "ஆகா, இதல்லவோ வெண்ணெய்" என்று தினமும் அவர் காதில் விழும்படியாகச் சொல்லப் போகிறேன்.

சற்றுமுன் ஒரு துண்டு ரொட்டியில் அதைத் தடவி, என்னவென்று தெரிந்தே, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை. சாம்பிள் பாஸ்.